இரண்டும் நீல அட்டைதான்

கேள்வி: நியூஜெர்சியில் பதினாறு ஆண்டுகளாக இருக்கிறேன். சொந்த ஊர் மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மூன்று வாரங்களுக்கு முன்பு அமெரிக்கக் குடியுரிமைக்கான உறுதிமொழி எடுத்தேன். அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. என் இந்தியப் பாஸ்போர்ட் 2029 வரை செல்லும். ஊரில் அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். உடனே போய்ப் பார்க்க வேண்டும். இந்த ஒரு தடவை மட்டும் இந்தியப் பாஸ்போர்ட்டிலேயே போய்வந்து, பிறகு அதை ஒப்படைத்தால் என்ன? என் கணவர் எனக்கு இரண்டு ஆண்டு முன்பே குடியுரிமை பெற்றவர். அவரும் பதினான்கு வயது மகனும் சென்ற கோடையில் அப்படித்தான் போய்வந்தார்கள். மகன் சென்னையில் பிறந்தவன். கிரீன் கார்டு இருக்கிறது. அவன் இன்னும் இந்தியக் குடிமகன்தான். அப்பா தம் பங்கிலிருந்து ஆறு மா நஞ்சையை இப்போதே என் பெயருக்கு எழுதிவிட வேண்டும் என்கிறார். ஊர் வாக்காளர் பட்டியலில் என் பெயர் இன்னும் இருக்கிறது என்று தம்பி சொல்கிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பழைய பாஸ்போர்ட்டைக் கொடுக்க மனம் வரவில்லை. பிறந்த வீட்டோடு மிஞ்சியிருக்கும் கயிற்றை நானே அறுப்பது போல இருக்கிறது.
— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தியப் பாஸ்போர்ட்டில் போகாதீர்கள். ஒரு தடவைகூட வேண்டாம். அப்பாவைச் சீக்கிரம் பார்க்க வேறு நேர்வழி இருக்கிறது. அதற்குக் கீழே வருகிறேன்.

பாஸ்போர்ட்டை ஒப்படைப்பதா வேண்டாமா என்ற கேள்வியாக நீங்கள் இதை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே வலது கையை உயர்த்தி நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9(1) பிரிவு, இந்தியக் குடிமகன் ஒருவர் தாமாக விரும்பி வேறு நாட்டின் குடியுரிமையைப் பெற்றால், பெற்ற அந்தக் கணமே இந்தியக் குடியுரிமை முடிந்துவிடும் என்கிறது. யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை, அரசிதழில் வர வேண்டியதில்லை, தூதரகத்துக்குத் தெரிந்திருக்கக்கூட வேண்டியதில்லை. இந்தச் சட்டத்துக்கு முன்பே அரசமைப்புச் சட்டத்தின் 9ஆம் உறுப்பு இதே நிலையைத்தான் எடுத்தது. 2029 என்று பாஸ்போர்ட்டில் அச்சிட்டிருக்கும் தேதி இதில் எதையும் மாற்றாது. படிப்பை முடித்துவிட்டு வந்த மாணவரின் சட்டைப்பையில் கிடக்கும் பஸ் பாஸில் இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருக்கலாம். கண்டக்டர் கேட்கும்போது அவர் மாணவர் இல்லை என்பதுதானே கணக்கு.

ஆகவே இப்போது உங்கள் கையில் இருப்பது, நீங்கள் குடிமகளாக இல்லாத நாட்டின் பயண ஆவணம். அதைக் காட்டி விமானம் ஏறினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். உறுதிமொழி நடந்த மண்டபத்திலேயே கிரீன் கார்டைத் திருப்பி வாங்கிக்கொண்டிருப்பார்கள். திரும்பிவர எந்த ஆவணத்தைக் காட்டுவீர்கள்? அமெரிக்கக் குடிமக்கள் அமெரிக்கப் பாஸ்போர்ட்டில்தான் நாட்டை விட்டுப் போகவும் வரவும் வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். சரி, அமெரிக்கப் பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, சென்னையில் இறங்கும்போது ஒன்று, கிளம்பும்போது விமான நிறுவனத்திடம் மற்றொன்று என்று பலர் செய்கிறார்கள். இரண்டும் நீல அட்டைதான், யாருக்குத் தெரியப்போகிறது என்பது அவர்கள் எண்ணம். சென்னை விமான நிலையத்தில் கிளம்பும் வரிசையில், கைப்பைக்குள் கை விட்டு, எது எது என்று தடவிப் பார்த்து, தப்பானதை எடுத்து நீட்டியவர்களை நான் அறிவேன். குடிவரவு அதிகாரி கேட்பது ஒரே கேள்வி: "இதில் அமெரிக்க விசா எங்கே?" அதற்கு வாய் திறந்தால் முதல் பொய், திறக்காவிட்டால் தனி அறை.

இந்தியாவில் 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு பழைய சட்டங்களை நீக்கிவிட்டு, குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025 என்று ஒன்று கொண்டுவரப்பட்டு, அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டோ விசாவோ இல்லாமல் நுழையும் வெளிநாட்டவருக்கு அதில் ஐந்தாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. மன்னார்குடிப் பெண்ணைப் பிடித்து யாரும் உள்ளே போட மாட்டார்கள் என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. பெரும்பாலும் போட மாட்டார்கள்தான். ஆனால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் இப்போது வெளிநாட்டவர். அந்தச் சொல்லை எழுதும்போது எனக்கே கை கூசுகிறது. ஆனாலும் அதுதான் நிலை.

இப்போது அப்பாவைப் பார்க்கும் வழி. பெற்றோரின் கடும் நோய் போன்ற உயிர்நெருக்கடிக்கு, இரண்டு வாரத்துக்குள் பயணம் என்றால், அமெரிக்க வெளியுறவுத் துறையின் பாஸ்போர்ட் அலுவலகம் நேரம் ஒதுக்கி விரைவாகப் பாஸ்போர்ட் தருகிறது. மருத்துவமனையின் கடிதம் வேண்டும், ஆங்கிலத்தில் வேண்டும். குடியுரிமைச் சான்றிதழின் அசலை அங்கே கொடுக்க வேண்டியிருக்கும். அதற்கு முன் அதைப் பல பிரதிகள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இனி எல்லா இடத்திலும் அதைத்தான் கேட்பார்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் இந்திய அரசின் இணையதளத்தில் இ-விசா. உறவினரைப் பார்க்கப் போவதும் சுற்றுலா விசாவிலேயே அடங்கும். பயணத்துக்குக் குறைந்தது நான்கு நாட்கள் முன்பாக விண்ணப்பிக்க வேண்டும். சென்னையில் இறங்கலாம். அந்த நான்கு நாளும் தாங்காது என்ற நிலை வந்தால் நியூயார்க்கில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம் அவசர விசா தருவதுண்டு. நியூஜெர்சி அவர்கள் எல்லைக்குள்தான் வருகிறது. எந்த விண்ணப்பத்திலும் குடியுரிமை பிறப்பால் வந்ததா, பின்னர் பெற்றதா, முன்பு எந்த நாட்டுக் குடிமகள் என்றெல்லாம் கேட்பார்கள். உள்ளதை எழுதுங்கள். முன்னாள் இந்தியர் என்பது குற்றம் இல்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் 2,25,620 பேர் இந்தியக் குடியுரிமையைத் துறந்ததாக அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. அந்த வரிசையில் நீங்கள் நிற்பதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

உங்கள் கணவர் விஷயத்துக்கு வருகிறேன். போய்வந்தது போய்வந்ததுதான். அதை இனி இல்லாததாக்க முடியாது; ஆகவே அதைப் பற்றி மௌனமாக இருந்துவிடலாம் என்றும் திட்டமிடாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவர் மஞ்சள் பையோடு என் அலுவலகத்துக்கு வந்தார். ஓய்வுபெற்ற பொறியாளர், பிள்ளைகளோடு அமெரிக்காவில் இருந்தவர். நான்கு பாஸ்போர்ட்டுகளை ரப்பர் பாண்டு போட்டுக் கட்டியிருந்தார். முதலாவது கையால் எழுதியது. ஒட்டிய புகைப்படத்தின் ஓரத்தில் முத்திரை குழிந்திருந்தது. கடைசிப் புத்தகம்தான் சிக்கல். குடியுரிமை பெற்ற பிறகு அதில் இரண்டு தடவை வந்துபோயிருந்தார். "வந்ததற்கு அத்தாட்சி ஏதும் அவர்களிடம் இருக்காது இல்லையா?" என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அமெரிக்கக் குடியுரிமைச் சான்றிதழின் பிரதியை மேசையில் வைத்தேன். பக்கத்தில் பாஸ்போர்ட்டைத் திறந்து, சென்னை விமான நிலையத்தின் வருகை முத்திரை இருந்த பக்கத்தை வைத்தேன். இரண்டு தேதிகளையும் அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பயணத்தின்போதே அவர் வேண்டாம் என்று சொல்லியிருப்பார் போலிருக்கிறது.

துணைத் தூதரகத்தில் செய்யப்போவதும் இதே ஒப்பீடுதான். குடியுரிமை பெற்ற பிறகு இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்ததற்கும், நெடுநாள் ஒப்படைக்காமல் வைத்திருந்ததற்கும், அதைவிட மோசமாக, அதைப் புதுப்பித்துக்கொண்டதற்கும் தனித்தனியாக அபராதம் விதிக்கும் வழக்கம் இருக்கிறது. தொகை அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் நாளில் தூதரகத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கணவர் தம் பயணத்தை விண்ணப்பத்தில் தாமே சொல்லிவிட்டு, கேட்கும் தொகையைக் கட்டிவிடட்டும். பெரியவரும் கட்டினார். கட்டிய பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன் என்று தொலைபேசியில் சொன்னார். அந்தத் தொகையைப் பற்றி அவர் மனைவி என்ன சொன்னார் என்பதைச் சொல்லவில்லை.

மகன் விஷயத்தில் நீங்கள் தெரியாமல் தவறாக எழுதியிருக்கிறீர்கள். அவன் "இன்னும் இந்தியக் குடிமகன்தான்" என்கிறீர்கள். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டின் குழந்தைக் குடியுரிமைச் சட்டம் என்று ஒன்று உண்டு. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட, கிரீன் கார்டு வைத்திருக்கும், பெற்றோரின் பொறுப்பில் அங்கேயே வாழும் பிள்ளை, தாய் தந்தையரில் ஒருவர் குடியுரிமை பெற்றதுமே தானாக அமெரிக்கக் குடிமகனாகிவிடும். விண்ணப்பம் கிடையாது, உறுதிமொழி கிடையாது. உங்கள் கணவர் உறுதிமொழி எடுத்த நாளிலேயே, வகுப்பறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாலும் சரி, பையன் அமெரிக்கனாகிவிட்டான். சென்ற கோடையில் அப்பாவும் பிள்ளையுமாக இருவரும் ஒரே பிழையைத்தான் செய்திருக்கிறார்கள். ஒருவர் தெரிந்து, ஒருவர் தெரியாமல்.

தானாக வந்த குடியுரிமையை "தாமாக விரும்பிப் பெற்றது" என்று சொல்லலாமா என்று வாதாட இடம் இருக்கிறது. எனக்கும் அந்த வாதம் பிடிக்கும். ஆனால் பிள்ளையின் விடுமுறையை வழக்குமன்றத்தில் கழிக்க நான் யோசனை சொல்ல மாட்டேன். நடைமுறையில் தூதரகங்கள் பிள்ளைகளின் இந்தியப் பாஸ்போர்ட்டையும் ஒப்படைக்கச் சொல்கின்றன. இந்திய வம்சாவளியினர் வாழ்நாள் முழுதும் வந்துபோகத் தரும் ஓசிஐ அட்டைக்கும் அதைத்தான் கேட்கின்றன. அவன் பெயரில் அமெரிக்கப் பாஸ்போர்ட் எடுங்கள், பழையதை ஒப்படையுங்கள்.

பெற்றோர் எடுக்கும் முடிவு பிள்ளைகள் மேல் எவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்பதற்கு 2024 அக்டோபர் 18 அன்று உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பைச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் பிறந்த ஓர் இளைஞரின் வழக்கு. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனது. பெற்றோர் 1998 டிசம்பரில் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றபோது அவர் தாயின் வயிற்றில் இருந்தார். 1999 மார்ச்சில் பிறந்தார். வயது வந்ததும் இந்தியக் குடியுரிமையை மீட்டுக்கொள்ள விண்ணப்பித்தார். குடியுரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு, பெற்றோர் துறந்ததால் குடியுரிமை இழந்த பிள்ளைகள் வயது வந்த ஓராண்டுக்குள் அதைத் திரும்பப் பெற வழி விடுகிறது. உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகச் சொன்னது. உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. பெற்றோர் 8ஆம் பிரிவின் கீழ் அறிவிப்புக் கொடுத்துத் துறக்கவில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றதால் 9ஆம் பிரிவின்படி சட்டமே முடித்துவைத்தது. ஆகவே 8(2) தரும் வழி பிள்ளைக்குத் திறக்காது என்றது. உங்கள் குடும்பமும் இதே 9ஆம் பிரிவில்தான் வருகிறது. பதினெட்டு வயதில் மகன் ஒரு படிவத்தை நிரப்பி இந்தியனாகிவிடலாம் என்று யாராவது சொன்னால் இந்தத் தீர்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி நிலம். ஆறு மா என்பது கிட்டத்தட்ட இரண்டு ஏக்கர். அதுவும் டெல்டா நஞ்சை. அப்பா "எழுதிவிட வேண்டும்" என்கிறார் என்றால், சார்பதிவாளர் அலுவலகத்தில் தான செட்டில்மெண்ட் பத்திரம் போட நினைக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். நம் ஊரில் பெண்ணுக்கு நிலம் கொடுப்பது பெரும்பாலும் அப்படித்தான். அதைத் தடுத்து நிறுத்துங்கள். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் விதிகள், வெளிநாட்டில் வாழும் இந்தியரும் ஓசிஐ அட்டைதாரரும் இந்தியாவில் வீடு, மனை வாங்கவோ உறவினரிடமிருந்து தானமாகப் பெறவோ இடம் தருகின்றன. விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகிய மூன்றையும் வாங்கவும் கூடாது, தானமாகப் பெறவும் கூடாது என்கின்றன. செட்டில்மெண்ட் சட்டப்படி தானம்தான். இதில் வேடிக்கை, நீங்கள் குடியுரிமை மாறுவதற்கு முன்பே இந்தத் தடை உங்களுக்கு இருந்தது. வெளிநாட்டில் வாழும் இந்தியர் என்ற நிலையே போதும். ஊரில் பலருக்கு இது தெரியாது. பத்திர எழுத்தருக்கும் தெரியாது. சார்பதிவாளர் பதிவும் செய்துவிடுவார். பதிவாகிவிட்டது, பட்டா மாறிவிட்டது என்பதால் விதிமீறல் சரியாகிவிடாது. சொத்து மதிப்பின் மூன்று மடங்கு வரை தண்டத்தொகை விதிக்கும் அதிகாரம் அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

அதே நிலம் வாரிசுரிமையில் உங்களுக்கு வந்தால் தடையே இல்லை. இந்தியாவில் வாழ்ந்தவரிடமிருந்து வாரிசாகப் பெறும் விவசாய நிலத்தை நீங்கள் வைத்துக்கொள்ளலாம், குத்தகைக்கு விடலாம். பின்னாளில் விற்பதானால் இந்தியாவிலேயே வாழும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க வேண்டும். ஆகவே அப்பா எழுத வேண்டியது உயில். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் நோயில் இருப்பவர் எழுதும் உயிலைப் பதிவு செய்து வைப்பது பின்னால் வரும் பேச்சைக் குறைக்கும். நல்ல நினைவோடு எழுதினார் என்று மருத்துவர் ஒருவரின் சான்று இருந்தால் இன்னும் நல்லது. தம்பி இதில் எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. அவருக்குத் தெரிந்தே நடக்கட்டும். டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்த களைப்பில் இருப்பவரிடம் உயில் பேச்சை எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது தெரியும். மறுநாள் காலை, காபி குடிக்கும் நேரத்தில், அவரே நிலத்தைப் பற்றிப் பேசும்போது, "எழுதுங்கள் அப்பா, ஆனால் இப்படி எழுதுங்கள்" என்று சொன்னால் போதும்.

வாக்காளர் பட்டியல் பற்றி நீண்ட பேச்சு வேண்டாம். குடிமகளாக இல்லாதவர் பெயர் அதில் இருக்கக் கூடாது. படிவம் 7 கொடுத்து நீக்கச் சொல்லுங்கள். தேர்தல் சமயத்தில் ஊரில் இருந்தாலும், "பெயர்தான் இருக்கிறதே, வந்து குத்திவிட்டுப் போ" என்று யார் கூப்பிட்டாலும், வாக்குச்சாவடிப் பக்கம் போகாதீர்கள். பான் கார்டை வைத்துக்கொள்ளுங்கள். நிலமும் வங்கிக் கணக்கும் இருக்கும்வரை அது வேண்டும். வங்கியில் குடியுரிமை மாறியதைத் தெரிவித்துவிடுங்கள்.

ஒப்படைக்கும் முறை சுருக்கமாக: உள்துறை அமைச்சகத்தின் குடியுரிமை இணையதளத்தில் துறப்பு அறிவிப்பை நிரப்பி, அச்செடுத்து, தூதரகம் நியமித்திருக்கும் விண்ணப்ப மையம் வழியாக அசல் இந்தியப் பாஸ்போர்ட், அமெரிக்கக் குடியுரிமைச் சான்றிதழின் பிரதி, அமெரிக்கப் பாஸ்போர்ட்டின் பிரதி இவற்றோடு அனுப்ப வேண்டும். கிடைக்கும் சான்றிதழை ஊரார் "சரண்டர் சர்டிபிகேட்" என்பார்கள். அது இல்லாமல் ஓசிஐ விண்ணப்பம் நகராது. ஓசிஐ என்பது வாழ்நாள் முழுதும் வந்துபோகும் அனுமதி. 2006இல் தொடங்கியபோது பலர் அதை இரட்டைக் குடியுரிமை என்று கொண்டாடினார்கள். இன்றும் அப்படிச் சொல்லும் உறவினர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அதில் வாக்கு இல்லை, தேர்தலில் நிற்க முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. மற்றபடி விசாவுக்கு வரிசையில் நிற்கும் தொல்லை இல்லாமல் ஊரில் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம்.

இதில் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: இனிஷியல். பழைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்திருக்கும். அமெரிக்க விசாவில் முதற்பெயர் தெரியவில்லை என்று மூன்று எழுத்துப் போட்டிருப்பார்கள். குடியுரிமை விண்ணப்பத்தில் அதைச் சரிசெய்து பெயரை மாற்றியிருப்பீர்கள். நீதிமன்றம் நடத்திய உறுதிமொழி விழாவில் மாற்றியிருந்தால் அந்த மாற்றத்துக்குச் சான்று இருக்கும். இந்தியப் பாஸ்போர்ட், அமெரிக்கச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் மூன்றிலும் உங்கள் பெயரும் அப்பா பெயரும் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்பதை ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். ஓர் எழுத்து கூடக் குறைய இருந்தாலும் முன்கூட்டியே விளக்கக் கடிதம் இணைத்துவிடுங்கள். நான் பார்த்தவரை, திருப்பி அனுப்பப்பட்ட ஓசிஐ விண்ணப்பங்களில் பெரும்பாலானவை நின்றது இந்த இடத்தில்தான்.

மனம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கடைசிக்குத் தள்ளியதற்கு மன்னியுங்கள், சட்டக்காரன் புத்தி. ஒரு நாட்டை விட்டு இன்னொன்றின் காகிதத்தை வாங்கும் கலக்கம் உங்களோடு தொடங்கியதில்லை. 1962 ஆகஸ்ட் 16 அன்று பிரெஞ்சுப் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, அங்கே பிறந்து அங்கேயே வாழ்ந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் இருந்தது. பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்புபவர்கள் எழுதிக் கொடுக்கலாம். அண்ணன் ஒரு பக்கமும் தம்பி மறுபக்கமுமாக எழுதிய குடும்பங்களின் பிள்ளைகள் இன்றும் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கிறார்கள். யார் எந்த நாடு என்பது பொங்கல் வரிசை கொடுப்பதில் எந்த வித்தியாசமும் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நீங்கள் பயப்படுவது போல அந்தப் புத்தகம் உங்களை விட்டுப் போய்விடாது. ஒப்படைப்பது என்ற சொல்தான் அப்படி நினைக்க வைக்கிறது. தூதரகம் அதில் ரத்து முத்திரை குத்தி, பொதுவாக உங்களிடமே திருப்பி அனுப்பிவிடும். அதன் கடைசிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அப்பா பெயர், அம்மா பெயர், ஊர் முகவரி எல்லாம் அங்கே அச்சாகியிருக்கும். புதிதாக நீங்கள் வாங்கப்போகும் அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் பெற்றோர் பெயருக்கு இடமே கிடையாது. அந்த வெறுமை உங்களை ஒரு நிமிடம் நிறுத்தும், நிறுத்தட்டும். ஆனால் ஓசிஐ விண்ணப்பத்தில் முதல் பக்கத்தோடு அந்தக் கடைசிப் பக்கத்தின் பிரதியையும் கேட்பார்கள். அனுப்புவதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் தெளிவாக ஸ்கேன் செய்து வையுங்கள், காலிப் பக்கம் உட்பட. இழந்தது எது, மிச்சம் எது என்று பிறகு நிதானமாகக் கணக்குப் பார்க்கலாம். ஓசிஐ பெற்று ஐந்தாண்டு ஆனவர், விண்ணப்பத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதம் இந்தியாவிலேயே வாழ்ந்திருந்தால், மீண்டும் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க 5(1)(ஜி) பிரிவு இடம் தருகிறது. அன்றைக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட்டைக் கொடுக்க மனம் வருமா என்று அப்போது எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

இன்றைக்கு ஒரு வேலை மட்டும். தம்பியிடம் சொல்லி, அப்பாவின் மருத்துவமனையிலிருந்து கடிதம் வாங்கச் சொல்லுங்கள்: மருத்துவமனையின் முகவரித் தாளில், ஆங்கிலத்தில், மருத்துவர் கையெழுத்து, தேதியோடு. நோயின் நிலையை அதில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். அப்பாவின் பெயர் உங்கள் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருப்பது போலவே, எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துத் தம்பிக்கு இப்போதே அனுப்பிவிடுங்கள்.